இங்க் பேனாப் பிரியர்களுக்கு இரண்டாவது பேனா: முழுமையான வழிகாட்டி

இங்க் பேனாவில் எழுதிப் பழகியவர்கள் அவசரத்துக்கு வேறொரு பேனா வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைக்காரர் நீட்டும் துண்டுத் தாளில் நாலைந்து பேனாக்களைக் கிறுக்கிப் பார்ப்பார்கள். எது அழுத்தாமலே வழுக்கிக்கொண்டு போகிறதோ, எதில் மை தாராளமாக இறங்குகிறதோ, அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார்கள். பத்துக்கு எட்டுப் பேர் கையில் அது பைலட் வி5 ஆகவோ அதைப் போன்ற இன்னொரு திரவ மைப் பேனாவாகவோ இருக்கும்.

எழுதச் சுகமான பேனாதான், சந்தேகமில்லை. ஆனால் கூரியர் சீட்டின் அடிப்பிரதியில் எழுத்து விழாது. பார்சல் மேல் எழுதிய முகவரி மழைத்துளி பட்டால் கலங்கும். மட்டமான விண்ணப்பத் தாளில் மை பரவும். விமானத்தில் மூடியைக் கழற்றினால் விரல் நீலமாகும். இங்க் பேனா எங்கெல்லாம் காலை வாரியதோ, அங்கெல்லாம் அதன் கூடப்பிறந்த தம்பியும் காலை வாரும். இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே தண்ணீர் மை.

ஆகவே இங்க் பேனா எங்கே கைவிடுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கைக்கு எது சுகம் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: இங்க் பேனா எங்கே உதவவில்லை என்று குறித்து வையுங்கள்

ஒரு வாரத்துக்கு டைரியின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலும் இந்த இடங்கள்தான் வரும்.

கார்பன் பிரதி. பில் புத்தகம், கூரியர் சீட்டு, பிரதி எடுக்கும் ரசீதுகள். கீழே இருக்கும் தாள் வரை அழுத்தம் இறங்க வேண்டும். இங்க் பேனாவை அந்த அளவுக்கு அழுத்தினால் நிப்பின் இரண்டு கிளைகளும் அகன்று, சில சமயம் அப்படியே நின்றுவிடும். பிறகு அந்த நிப் ஒன்று மையைக் கொட்டும், இல்லாவிட்டால் வறளும்.

வழவழப்பான தாள். ஏ.டி.எம். சீட்டு, கடை பில், புகைப்படத்தின் பின்பக்கம், மாத்திரை அட்டை, ஊறுகாய் ஜாடியில் ஒட்டும் லேபிள். மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுபடும். பில்லின் மீது குறிப்பெழுத சாதாரண பால்பாயிண்ட் போதும். பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம். அதிலிருக்கும் ஆல்கஹால் வகைக் கரைப்பான், பில் அச்சாகும் வெப்பத்தாளின் (சூட்டில் எழுத்து தோன்றும் தாள்) பூச்சைக் கருக்கிவிடும், அச்சான தொகையே தெரியாமல் போகலாம். லேபிளுக்கும் மாத்திரை அட்டைக்கும் மார்க்கரே சரி.

மட்டமான தாள். அரசு அலுவலகப் படிவங்கள், மலிவு நோட்டு. எழுத்தின் விளிம்பில் மயிர் மயிராக மை ஓடும். பின்பக்கத்திலும் ஊறித் தெரியும்.

நின்றுகொண்டு எழுதுவது. வாசலில் டெலிவரி பையன் நீட்டும் அட்டையில் கையெழுத்துப் போடும்போது மூடியைத் திருகிக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அழுத்தினால் முனை வெளியே வரும் பேனா ஒன்று வேண்டும்.

மை தீர்ந்துபோவது. இது தனி வகை. பேனாவால் முடியாத வேலை என்று எதுவும் இதில் இல்லை, மை இல்லை, அவ்வளவுதான். இதற்கு மட்டும்தான் ‘இங்க் பேனா மாதிரியே’ ஓடும் பேனா சரியான விடை.

குறித்ததைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது ஒரு பேனாவா இரண்டா என்று தெரிந்துவிடும். நிறைய எழுதுகிறவர்களுக்கு இரண்டு வேண்டியிருக்கும்: நீளமாக எழுத ஒன்று, இங்க் பேனாவால் முடியாத வேலைகளுக்கு ஒன்று.

படி 2: பேனாவுக்கு முன்னால் மையைப் பாருங்கள்

உருளும் குண்டு முனையில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் மை நான்கு வகை.

எண்ணெய் மை. இதுதான் பழைய பால்பாயிண்ட். ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938-இல் காப்புரிமை பெற்ற வழி. செய்தித்தாள் அச்சு மை சட்டென்று உலர்வதைக் கவனித்தவர் அவர். அந்தக் கெட்டி மை நிப்பில் இறங்காது என்பதால், அதை உருட்டி எடுத்துவர ஒரு குண்டைப் பொருத்தினார். ரெனால்ட்ஸ் 045 முதல் பெயர் தெரியாத பத்து ரூபாய்ப் பேனா வரை எல்லாம் இந்த வழிதான். மை பசைப் பதத்தில் இருக்கும். குண்டு உருள அழுத்தம் வேண்டும். பதிலுக்கு, எந்தத் தாளிலும் பரவாது, தண்ணீருக்குப் பெரும்பாலும் அசையாது, மூடாமல் வைத்தாலும் பல மாதம் எழுதும், கார்பனில் விழும். இங்க் பேனாக்காரர்கள் இதை முகம் சுளித்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் படி 1-இல் சொன்ன இடங்களில் முக்கால்வாசிக்கு இதுவே பதில்.

மெலிந்த எண்ணெய் மை. அடிப்படை அதே எண்ணெய்தான், பிசுக்கு மட்டும் வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்கும். யூனியின் ஜெட்ஸ்ட்ரீம் 2006-இல் வந்து இந்த வகையைப் பரவலாக்கியது. ஜெர்மனியின் ஷ்மிட் தயாரிக்கும் ஈஸிஃப்ளோ 9000 ரீஃபிலும் இதே குடும்பம். அழுத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் கைக்குத் தெரியும். கோடு கருப்பாக விழும், சீக்கிரம் உலரும், கார்பனிலும் போகும். ஒரே ஒரு மாற்றுப் பேனாதான் வைத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு என் பரிந்துரை இந்த வகைதான். மீதி வழிகாட்டியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம்.

திரவ மை. ரோலர் பால் என்று கடைகளில் சொல்வது. தண்ணீரில் கரைந்த மை, கிட்டத்தட்ட இங்க் பேனா மையேதான். வி5-இன் கண்ணாடி போன்ற கழுத்துப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரியும். மிகுதியாக வரும் மையைத் தேக்கி வைக்கும் அமைப்பு அது. உங்கள் இங்க் பேனாவில் நிப்புக்கு அடியிலிருக்கும் ஃபீடும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுகமும் அதே, தொல்லையும் அதே. இந்த வகைக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. வி5-இல் இருப்பது சாய மை, நனைந்தால் கலையும். யூனிபால் ஐ (Eye) என்ற பேனாவில் இருப்பது நிறமித் துகள் கலந்த மை. அது தாளின் நாரில் பிடித்துக்கொள்வதால் உலர்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், எழுதும்போது பெரிய வித்தியாசமும் தெரியாது. முகவரியோ கையெழுத்தோ போடுவதாக இருந்தால் யூனிபாலை எடுங்கள்.

ஜெல் மை. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது. நிற்கும்போது கெட்டி, குண்டு உருளும்போது இளகும். நிறம் அடர்த்தியாக விழும். இங்க் பேனாவின் நிறத்தை விரும்புகிறவர்களுக்குப் பிடிக்கும். உலர நேரமெடுக்கும் என்பதால் இடக்கைக்காரர்கள் கையோரம் கறைபடும். ரீஃபில் சீக்கிரம் தீரும். கார்பன் வேலைக்கு ஆகாது.

படி 3: உங்கள் கைக்கு எது ஒத்துவரும்?

இங்க் பேனாக்காரர் பால்பாயிண்ட் பிடித்தால் கை வலிக்கிறது என்பார். காரணம் இரண்டு. ஒன்று அழுத்தம். இன்னொன்று சாய்வு, இதைப் பலர் கவனிப்பதில்லை. இங்க் பேனாவைத் தாளுக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் படுக்க வைத்து எழுதுவோம். அதே சாய்வில் பால்பாயிண்டைப் பிடித்தால் குண்டைப் பிடித்திருக்கும் உலோக விளிம்பு தாளில் உரசும், மை திணறும். உடனே நாம் இன்னும் அழுத்துவோம். பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாலே பாதி வலி குறையும். நிமிர்த்தவே வராது, கை அப்படியே பழகிவிட்டது என்றால் சாதா பால்பாயிண்டை விட்டுவிட்டு ஜெட்ஸ்ட்ரீம் வகைக்கோ யூனிபால் வகைக்கோ போங்கள். அவை சாய்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இந்த அழுத்தும் பழக்கம் திரும்பி இங்க் பேனாவுக்கும் வந்து சேரும் என்பதையும் மனதில் வையுங்கள். நாள் முழுக்கப் பில் புத்தகத்தில் அழுத்தி எழுதிய கை, மாலையில் நிப்பையும் அதே வேகத்தில் அமுக்கும். மாற்றியதும் முதல் இரண்டு வரியை வேண்டுமென்றே மெதுவாக எழுதுங்கள்.

பிடிமானத்தின் பருமனும் முக்கியம். இங்க் பேனாக்கள் பெரும்பாலும் தடித்தவை. திருவள்ளூர் ரங்கா பேனாக்களையும், சென்னை பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையிலுள்ள ஜெம் அண்ட் கோ கடையின் காமா பேனாக்களையும் பிடித்துப் பழகிய விரலுக்கு மெல்லிய பால்பாயிண்ட் எதுவுமே கையில் நிற்காது. லாமி சஃபாரியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதே முக்கோணப் பிடியோடு பால்பாயிண்ட், ரோலர் பால் இரண்டும் கிடைக்கின்றன.

அடுத்து கோட்டின் பருமன். ஆங்கிலத்தில் எழுதுவோர் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், தமிழுக்குச் சுழி அதிகம். சிறிய கையெழுத்து உள்ளவர் 1.0 மி.மீ. முனையில் ‘ண’ எழுதினால் மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு ‘ன’ எது, ‘ண’ எது என்று தெரியாது. ‘ஞ’, ‘ணை’, ‘ழு’ எல்லாவற்றுக்கும் இதே கதி. சிறு எழுத்துக்கு 0.5, நடுத்தரத்துக்கு 0.7 என்று தொடங்குங்கள். திரவ மையில் 0.5 முனை போடும் கோடு எண்ணெய் மையின் 0.7-ஐ நெருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள், தாள் மையை உறிஞ்சிக் கோட்டை அகலமாக்கும்.

கடையில் சோதிக்கும்போது வட்டம் வட்டமாகக் கிறுக்காதீர்கள், கையெழுத்தும் போட்டுப் பார்க்காதீர்கள். அவை எந்தப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும். ‘கண்ணன் தின்னும் வெண்ணெய்’ என்று உங்கள் வழக்கமான வேகத்தில் மூன்று முறை எழுதிப் பாருங்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, புள்ளி. இங்க் பேனா தாளைத் தொட்டாலே புள்ளி விழும். குண்டு முனையில் அப்படி அல்ல, குண்டு உருண்டால்தான் மை வரும். தொட்டு எடுக்கும்போது அது உருளாது, ஆகவே பழைய எண்ணெய் மைப் பேனாக்களில் வேகமாக வைக்கும் புள்ளிகள் பல பதிவதே இல்லை. ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். பால்பாயிண்டில் எழுதி வளர்ந்தவர்களில் பலர் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டமோ கோடோ போடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இங்க் பேனாக் கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மூன்று முறை எழுதியதில் எத்தனை புள்ளி காணாமல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் என்றால் அந்தப் பேனா வேண்டாம்.

இரண்டு, சுழி முடியும் இடத்தில் மைப்பொட்டு. குண்டு திசை மாறித் திரும்பும்போது மிச்ச மை விளிம்பில் சேர்ந்து, அடுத்த நேர்க்கோட்டில் சொத்தென்று விழும். வளைவுகள் நிறைந்த தமிழ் எழுத்தில் இது சீக்கிரம் வெளிப்படும். விழுந்த பொட்டு உலராமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். மலிவு ரீஃபில்களில் இது அதிகம்.

படி 4: உடல் ஒன்று, ரீஃபில் வேறு

பால்பாயிண்ட் உலகத்தில் எழுதுவது ரீஃபில், நாம் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் உடல். இது புரிந்துவிட்டால் காசு மிச்சம். பார்க்கர் 1954-இல் ஜாட்டர் பேனாவைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த ரீஃபில் வடிவம் இன்று உலகப் பொது வடிவம் ஆகிவிட்டது. சுமார் 98 மி.மீ. நீளம், தடித்த உடல், பின்பக்கம் பல் வைத்த பிளாஸ்டிக் மூடி. இந்த வடிவில் பார்க்கரின் சொந்த எண்ணெய் மை ரீஃபிலும் உண்டு, ஜெல் ரீஃபிலும் உண்டு. ஷ்மிட் 9000 உண்டு, ஜெட்ஸ்ட்ரீம் மையும் இதே வடிவில் வருகிறது.

ஆக, உங்கள் விரலுக்குப் பிடித்த பருமனில், எடையில், பார்க்கர் வடிவ ரீஃபில் ஏற்கும் ஒரு உடலை முதலில் வாங்குங்கள். பரிசாக வந்து மேசை இழுப்பறையில் கிடக்கும் பேனாவாகக்கூட இருக்கலாம், திறந்து பாருங்கள். அதற்குள் இருக்கும் ரீஃபிலை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்றைப் போடுங்கள். புதுப் பேனா வாங்கியதுபோல் மாறிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். கிராஸ், லாமி போன்ற சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கின்றன, அவற்றில் பார்க்கர் ரீஃபில் போகாது. அடுத்தது, இந்தப் பார்க்கர் வடிவத்துக்குத் தரக்குறியீடு ஜி2. பைலட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜெல் பேனா ஒன்றுக்கும் பெயர் ஜி2. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இணையத்தில் ‘ஜி2 ரீஃபில்’ என்று தேடி வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. படத்தில் பின்பக்கப் பல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 5: காசோலை, பத்திரம், கையெழுத்து

இங்கே மட்டும் சுகத்தை மறந்துவிடுங்கள். பள்ளியில் நமக்குப் பழக்கமான ராயல் ப்ளூ மை பெரும்பாலும் துணியில் பட்டால் போய்விட வேண்டும் என்றே தயாரிக்கப்படுவது. அதே குணம் பத்திரத்தில் வினையாகும்.

வங்கிகள் இப்போது காசோலையை ஸ்கேன் செய்து படமாகவே அனுப்புகின்றன. சி.டி.எஸ். என்ற அந்த முறையில் வெளிர்ந்த மை படத்தில் சரியாக விழாது. படத்தில் தெளிவாக விழும் அடர்ந்த நிற மையில் எழுதச் சொல்வது அதனால்தான். தேதியைச் செல்லுபடியாக்குவது தவிர வேறெந்தத் திருத்தமும் ஏற்கப்படாது. எனவே மை பரவிப் பெயர் கெட்டுவிட்டால் மேலே எழுதித் தப்பிக்க முடியாது, காசோலை வீண். கருப்பு அல்லது அடர் நீல நிறமி மை, இல்லாவிட்டால் நல்ல எண்ணெய் மை, இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

ஆவணங்களுக்கான பேனா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அட்டையில் தரக்குறியைத் தேடுங்கள். பால்பாயிண்டுக்கு ஐ.எஸ்.ஓ. 12757-2, ரோலர் பாலுக்கு 14145-2, ஜெல்லுக்கு 27668-2. கடைசியில் வரும் அந்த ‘-2’ தான் முக்கியம். ஆவணப் பயன்பாட்டுக்கான சோதனைகளை அது குறிக்கிறது.

அழிக்கக்கூடிய பேனாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைலட் ஃப்ரிக்‌ஷன் மை ரப்பரால் அழிவதில்லை, தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் நிறமிழக்கிறது. சுமார் 60 டிகிரி போதும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்பலகையில் அந்தச் சூடு எளிதாக வரும். நோட்டு முழுதும் வெறும் தாளாக நிற்கும். உறைநிலைக்குக் கீழே நன்றாகக் குளிர்வித்தால் எழுத்து திரும்பும் என்றாலும், வங்கி மேலாளரிடம் போய்க் காசோலையை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. சட்ட ஆவணங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்.

அரசுப் பதிவுபெற்ற அதிகாரிகளுக்குப் பச்சை மை வழக்கம். பச்சையில் நல்ல மாற்றுப் பேனா கிடைப்பது நீலம், கருப்பு அளவுக்குச் சுலபமில்லை. கிடைக்கும்போது பச்சை ரீஃபில்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சான்றொப்பத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் வாழ்த்துவார்கள்.

படி 6: தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

டி.என்.பி.எஸ்.சி. தேர்வின் ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களைக் கருப்பு மை பால்பாயிண்ட் பேனாவால்தான் நிரப்ப வேண்டும். ஜெல் வேண்டாம், இங்க் பேனா வேண்டவே வேண்டாம். ஈரமான மை மடிப்பில் ஒட்டி அடுத்த வட்டத்தைக் கறையாக்கினால் இயந்திரம் அதையும் விடையாக எடுத்துக்கொள்ளக்கூடும். புதுப் பேனாவை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். முதல் நாளே ஒரு பக்கம் எழுதி ஓடவிட்ட பேனாக்கள் இரண்டை எடுத்துச் செல்லுங்கள்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் வேறு. அங்கே வினாத்தாளிலேயே நீலம் அல்லது கருப்பு மை என்றும், படங்களுக்குப் பென்சில் என்றும் போட்டிருக்கும். இங்க் பேனாவுக்குத் தடையில்லை. மூன்று மணி நேரம் எழுதும் கைக்கு அதுவே சுகம். மாற்றாக அதே நிறத்தில், அதே கோட்டுப் பருமனில் ஒரு திரவ மைப் பேனாவை வைத்துக்கொண்டால் பாதியில் மாறினாலும் கையெழுத்து மாறியதுபோல் தெரியாது. வி5 வகைப் பேனா உண்மையிலேயே பொருந்தும் இடம் இதுதான்.

படி 7: இன்னொரு இங்க் பேனாவே மாற்றாகுமா?

மை தீர்ந்துபோவதற்கு மட்டும் என்றால் ஆகும். ஆனால் மாற்றுப் பேனா பையிலேயே வாரக்கணக்கில் கிடக்கும், அதற்குள் வறண்டுவிடக் கூடாது. பிளாட்டினம் பிரெப்பி இதற்கென்றே பிறந்த பேனா. மூடிக்குள் சுருள்வில் வைத்த இன்னொரு உள்மூடி இருக்கிறது. அது நிப்பைக் காற்றுப்புகாமல் அடைத்துவிடுவதால் ஒரு வருடம் தொடாவிட்டாலும் எழுதும் என்று நிறுவனம் சொல்கிறது. விலையும் குறைவு. கார்ட்ரிட்ஜ் என்ற மை அடைத்த குழலை மாற்றுவது சில நொடி வேலை.

உள்ளூர் ஐ டிராப்பர் பேனாக்களை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். உடல் முழுக்க மை நிரப்பும் பேனா அது. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மிச்ச இடத்தில் காற்று நிற்கும். நம் ஊர் வெயிலிலும் கைச்சூட்டிலும் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளும், தாளில் சொட்டு விழும். தினமும் கையிலிருக்கும் பேனாவாக இருந்தால் நேரத்துக்கு நிரப்பிச் சமாளிக்கலாம். மாதக்கணக்கில் பையில் மறந்து கிடக்கும் பேனாவை யார் கவனிப்பது?

படி 8: பயணம்

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையும். ஐ டிராப்பரில் நடப்பதேதான் இங்கேயும்: உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். இங்க் பேனாவைக் கொண்டுபோவதென்றால் முழுக்க நிரப்புங்கள் அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள், நிப் மேலே பார்க்கும்படி வையுங்கள். திரவ மைப் பேனாக்களுக்கும் இதே ஆபத்து. எண்ணெய் மைப் பேனாவுக்கு இந்தக் கவலை கிடையாது. குடியேற்றப் படிவத்தை நிரப்ப பாஸ்போர்ட்டோடு ஒன்றைச் செருகி வையுங்கள்.

மலையேற்றம், களப்பணி, மழையில் கணக்கெடுப்பு என்று அலைகிறவர்களுக்கு ஃபிஷர் ஸ்பேஸ் பேனா இருக்கிறது. ரீஃபிலுக்குள் நைட்ரஜன் வாயு அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். புவியீர்ப்பை நம்பாமல் வாயுவே மையைத் தள்ளுவதால் தலைகீழாகவும், ஈரத்தாளிலும் எழுதும். 1968-இல் அப்போலோ 7 விண்கலத்தில் சென்றது இதுதான். ரீஃபிலோடு வரும் சிறு பிளாஸ்டிக் துண்டைப் பின்னால் மாட்டினால் பார்க்கர் வடிவ உடலுக்குள்ளும் பொருந்தும். எழுத்தின் சுகம் சுமார்தான், அவ்வப்போது பொட்டு வைக்கும். அலைச்சல் இல்லாதவர்கள் விலை கொடுத்து வாங்க அவசியமில்லை.

இதையெல்லாம்விடச் சிக்கனமானது பென்சில். ஒழுகாது, வறளாது, எந்தச் சாய்விலும் எழுதும். இங்க் பேனாக் கைக்கு எச்பி கடினமாகத் தோன்றும், 2பி எடுங்கள். அழுத்தாமலே கருப்பாக விழும். கையெழுத்துக்கும் படிவத்துக்கும் ஆகாது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படி 9: இரவல் பேனா

வங்கியில், தபால் நிலையத்தில், பதிவாளர் அலுவலகத்தில் ‘சார், பேனா கொஞ்சம் கொடுங்க, ஒரு கையெழுத்துதான்’ என்று கேட்காத ஆளில்லை. இல்லை என்று சொல்ல வாய் வராது, சட்டைப்பையில் பேனா தெரிகிறதே. இங்க் பேனாவைக் கொடுத்தால் வாங்கியவர் முதலில் நிப்பைக் கவிழ்த்துப் பிடிப்பார், எழுதாது. உதறுவார், அப்புறம் அழுத்துவார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுக்கும் பழைய தந்திரம் பேனா திரும்பி வருவதற்குத்தான் உத்தரவாதம், நிப்புக்கு அல்ல.

இதற்கென்றே ஒரு பத்து ரூபாய் பால்பாயிண்டை அதே பையில், இங்க் பேனாவுக்கு முன்னால் தெரியும்படி செருகி வையுங்கள். போனால் போகட்டும். இங்க் பேனாவைச் சட்டையின் உள்பையிலோ கைப்பையிலோ வைத்துவிட்டால் கேள்வியே வராது.

படி 10: சும்மா கிடக்கும் பேனாவைப் பார்த்துக்கொள்வது

மாற்றுப் பேனாவின் பெரிய சாபம், தேவைப்படும் நாளில் எழுதாமல் நிற்பது. மாதம் ஒரு முறை, இங்க் பேனாவைக் கழுவும் நாளில், மற்றதையும் எடுத்து நான்கு வரி எழுதிவிடுங்கள்.

ஜெல் பேனாக்களை முனை கீழே இருக்கும்படியோ படுக்கை வாட்டத்திலோ வையுங்கள். சுவரில் தாளை வைத்து முனை மேலே பார்க்க எழுதினால் முனை வழியாகக் காற்று உள்ளே போய், கோடு விட்டு விட்டு விழும். ரீஃபிலின் பின்முனையில் மைக்கு மேலே நிறமற்ற பசை கொஞ்சம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். மை பின்பக்கமாக வழியாமலும் வறளாமலும் காப்பது அதுதான்.

எண்ணெய் மைப் பேனா எழுதாவிட்டால் தீக்குச்சி காட்டும் பள்ளிக்கூட வைத்தியத்தை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் இளகும், குண்டின் இருக்கை கெடும். ரீஃபிலை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் தேய்த்துச் சூடாக்கி, முனையை ரப்பர் மேலோ செருப்பின் அடிப்பாகத்திலோ மெதுவாக உருட்டுங்கள். வழவழப்பான தாளில் சறுக்கும் குண்டு ரப்பரில் பிடித்து உருளும், உலர்ந்த மை உடையும். ஜெல் ரீஃபிலில் காற்றுக்குமிழ் என்றால் அதை உதறினால் போதாது. முனை வெளிப்பக்கம் இருக்கும்படி ஒரு நூலில் இறுகக் கட்டி, ஆளில்லாத இடமாகப் பார்த்து வேகமாகச் சுழற்றினால் மை முனைக்கு இறங்கும். வெள்ளைச் சட்டையோடு இதைச் செய்ய வேண்டாம். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் ரீஃபிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.